முதல் மாத வருமானம் 4 டாலர்... தோற்றுப்போன டாக்டர் இன்சுலின் கொண்டுவந்த கதை: யார் இந்த பேண்டிங்?

நவம்பர் 14 என்றாலே நமக்கு நேருவும் குழந்தைகள் தினமும்தான் ஞாபகத்துக்கு வரும். அதே நாள்தான் உலக சர்க்கரை நோய் தினம். வருஷத்துல 365 நாள் இருக்க, ஏன் அந்தத் தேதி? அது ஒரு கனடா டாக்டரின் பிறந்தநாள். பெயர் ஃபிரெட்ரிக் பேண்டிங். இன்னைக்கு வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இன்சுலின் பேனா வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்த மனுஷனோடு ஒரு தொடர்பு இருக்கிறது.

ஆனா, அவரைப் பெரிய மேதை என்று நினைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தால் ஏமாந்துபோவோம். ஆராய்ச்சி அனுபவம் கிடையாது. சர்க்கரை நோய் நிபுணரும் கிடையாது. அவர் ஆராய்ச்சிக்கு அடிப்படையாக வைத்த யோசனையே பாதி தப்பு. பிறகு எப்படி நடந்தது?

பள்ளத்தில் தொடங்கிய வாழ்க்கை

1891ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், அலிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் பேண்டிங். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் முதலில் சேர்ந்தது கலைப் படிப்பு. முதல் வருஷமே ஃபெயில். பிறகு 1912இல் மருத்துவத்துக்கு மாறினார்.

அப்போது முதல் உலகப்போர் வந்துவிட்டது. ராணுவத்துக்கு டாக்டர்கள் அவசரமாகத் தேவைப்பட்டதால் அவருடைய வகுப்புக்குப் படிப்பைச் சுருக்கி, 1916 டிசம்பரிலேயே பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1918 செப்டம்பரில் பிரான்ஸின் காம்ப்ரே போர்முனையில் குண்டுச் சிதறல் கையில் பாய்ந்தது. அந்தக் காயத்தோடும் மற்ற வீரர்களுக்குச் சிகிச்சை செய்ததற்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் கிடைத்தது.

ஊர் திரும்பியதும் டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சி. அங்கேயே நிரந்தர வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தார், கிடைக்கவில்லை. 1920 ஜூலையில் லண்டன் என்ற ஊரில் (இங்கிலாந்து லண்டன் இல்லை, ஒன்டாரியோவில் இருக்கும் லண்டன்) கடன் வாங்கி வீடு பிடித்து கிளினிக் போட்டார். முதல் நோயாளி வருவதற்கே வாரக்கணக்கில் காத்திருந்தார். அந்த முதல் மாத வருமானம் 4 டாலர்.

சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் மணிக்கு 2 டாலர் கூலிக்குப் பாடம் எடுக்கப் போனார். அந்த 2 டாலர் வேலைதான் எல்லாவற்றையும் மாற்றியது.

ராத்திரி 2 மணி யோசனை

1920 அக்டோபர் 30. மறுநாளைக்கு அடுத்த நாள் வகுப்புக்காக, உடம்பு சர்க்கரையை எப்படிச் செரிக்கிறது என்ற பாடத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். தூக்கம் வருவதற்காக ஒரு மருத்துவ இதழைப் புரட்டினார். அதில் கணையத்தைப் பற்றி மோசஸ் பேரன் என்ற டாக்டரின் கட்டுரை. தூக்கம் வரவில்லை. ராத்திரி 2 மணிக்கு எழுந்து தன் நோட்டில் சில வரிகள் கிறுக்கினார். அந்த நோட்டில் சர்க்கரை நோயின் ஆங்கிலப் பெயரையே எழுத்துப்பிழையோடு எழுதியிருக்கிறார்!

அவர் யோசனை என்ன என்று பார்ப்பதற்கு முன், அன்றைக்கு உலகத்துக்கு என்ன தெரியும் என்று பார்க்கணும்.

1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர், கணையத்துக்குள் தனித்தனித் தீவு போல செல் கூட்டங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். எதற்கு என்று அப்போது தெரியாது. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் ஆகிய இருவரும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட, அந்த நாய்க்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. கணையத்துக்குள் ஏதோ ஒரு சரக்கு இருக்கிறது, அதுதான் ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது என்பது புரிந்தது. அந்தச் சரக்கைப் பிரித்தெடுப்பதில்தான் எல்லோரும் சறுக்கினார்கள். பெர்லினில் சூல்சர் என்ற டாக்டர் 1908 வாக்கிலேயே நோயாளிகளுக்குக் கணையச் சாறு ஊசி போட்டுப் பார்த்தார். சர்க்கரை இறங்கியது, கூடவே கடுமையான பக்கவிளைவுகளும் வந்ததால் கைவிட வேண்டியதாகிவிட்டது. ருமேனியாவில் நிக்கோலே பாலெஸ்கு, பேண்டிங்குக்கு முன்பே நாய்களில் வெற்றி கண்டு 1921இல் வெளியிட்டார். அவருக்கு உலகம் உரிய மரியாதை கொடுக்கவில்லை என்ற வருத்தம் ருமேனியர்களுக்கு இன்னும் இருக்கிறது. நியாயமான வருத்தம்தான்.

பேண்டிங் யோசித்தது இதுதான். கணையம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று செரிமானச் சாறு சுரப்பது, இன்னொன்று அந்தத் தீவுகளின் ரகசியச் சரக்கு. கணையத்தை அரைத்தால் செரிமானச் சாறு அந்தச் சரக்கைத் தின்றுவிடுகிறது. அதனால் செரிமானச் சாறு வெளியே வரும் குழாயைக் கட்டிவிட்டு சில வாரம் காத்திருந்தால், அந்தச் சாறு சுரக்கும் செல்கள் அழிந்துபோகும், தீவுகள் மட்டும் மிஞ்சும். அதிலிருந்து சாறு எடுத்தால்?

கேட்க அழகாக இருக்கிறது. ஆனா குழாயைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை என்று பின்னால் தெரிந்தது. இறைச்சிக்கூடத்திலிருந்து வாங்கிவந்த மாட்டுக் கணையத்தை ஆல்கஹாலில் போட்டாலே போதும் என்று அதே குழு சில மாதத்தில் கண்டுபிடித்தது.

சம்பளம் இல்லாத கோடைக்காலம்

இந்த யோசனையோடு 1920 நவம்பரில் டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் மெக்லவுடைப் போய்ப் பார்த்தார். மெக்லவுட் இந்தத் துறையில் உலகப் புகழ்பெற்றவர். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இது பற்றிய முந்தைய ஆராய்ச்சிகளே சரியாகத் தெரியாது என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் துரத்திவிடவில்லை. ஆய்வகத்தில் இடம், 10 நாய்கள், உதவிக்கு ஒரு மாணவர் என்று கொடுக்கச் சம்மதித்தார். உதவிக்கு இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். யார் முதலில் போவது என்று காசு சுண்டிப் போட்டதில் சார்லஸ் பெஸ்ட் ஜெயித்தார். தோற்ற கிளார்க் நோபிளின் பெயர் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

1921 மே 17இல் வேலை ஆரம்பம். அடுத்த மாதம் மெக்லவுட் ஸ்காட்லாந்துக்கு விடுமுறையில் போய்விட்டார். ஆய்வகம் மேல்மாடியில், வெயில் காலம், வியர்வை, நாற்றம். ஆரம்பத்தில் நாய்கள் வரிசையாகச் செத்துப்போயின. ரத்தம் போனதில் சில, கிருமித் தொற்றில் சில. நாய் தீர்ந்ததும் தெருவில் யார் யாரிடமோ ஒன்று, இரண்டு டாலர் கொடுத்து வாங்கினார்கள். பேண்டிங்குக்குச் சம்பளம் கிடையாது. தன் ஃபோர்டு காரை விற்றுத்தான் சாப்பிட்டார்.

ஜூலை 30 அன்று 410ஆம் எண் நாய்க்கு முதல் ஊசி. ஒரு மணி நேரத்தில் ரத்த சர்க்கரை 200இலிருந்து கணிசமாக இறங்கியது. மறுநாள் அந்த நாய் செத்துவிட்டது. ஆனா இருவருக்கும் அந்த ஓர் எண் போதுமானதாக இருந்தது. பின்னால் மார்ஜரி என்ற நாய், கணையமே இல்லாமல் ஊசி மருந்திலேயே சுமார் 70 நாள் உயிர் வாழ்ந்தது.

செப்டம்பரில் மெக்லவுட் திரும்பி வந்ததும் முதல் மோதல். அவர் முடிவுகளைச் சந்தேகத்தோடு பார்த்தார், சோதனைகளைத் திரும்பச் செய்யச் சொன்னார். ஒரு பேராசிரியர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார். பேண்டிங்குக்கோ அது அவமானமாகப் பட்டது. சம்பளம் தராவிட்டால் வேறு இடத்துக்குப் போய்விடுவேன் என்று மிரட்டும் அளவுக்குப் போனது. டிசம்பர் கடைசியில் அமெரிக்காவின் நியூ ஹேவனில் நடந்த கருத்தரங்கில் பேண்டிங் பேசத் திணறினார். கேள்விகள் பறந்தன. மெக்லவுட் எழுந்து பதில் சொன்னார். காப்பாற்றினார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தன் ஆராய்ச்சியைத் திருடுகிறார் என்று பேண்டிங் நினைத்தார்.

வார்டில் ஒரு 14 வயது சிறுவன்

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருவோம்.

இன்சுலின் வருவதற்கு முன்னால், டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் இருந்தது. பட்டினி. அமெரிக்காவின் ஃபிரெட்ரிக் ஆலன் என்ற டாக்டர் வகுத்த முறை அது. சாப்பிட்டால் சர்க்கரை ஏறிச் சாகும், அதனால் சாப்பாட்டைக் குறைத்துக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவது. பெற்றவர்கள் தங்கள் பிள்ளை எலும்பும் தோலுமாக ஆவதைப் பார்த்துக்கொண்டே தட்டை எடுத்து வைக்கணும்.

டொரன்டோ பொது மருத்துவமனையில் அப்படிக் கிடந்தவன் லியோனார்ட் தாம்ப்சன். 14 வயது, எடை சுமார் 29 கிலோ. 1922 ஜனவரி 11 அன்று அவனுக்கு பேண்டிங்கும் பெஸ்ட்டும் தயாரித்த சாறு ஊசியாகப் போடப்பட்டது. பழுப்பு நிறத்தில் கெட்டியான திரவம். போட்டது அவர்கள் இல்லை. அந்த மருத்துவமனையில் பேண்டிங்குக்கு நோயாளிகளைத் தொடும் உரிமை கிடையாது, ஒரு இளம் டாக்டர்தான் போட்டார்.

ரத்த சர்க்கரை 440இலிருந்து 320க்கு வந்தது. ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டியது. நோயாளியிடம் சொல்லும்படி எந்த முன்னேற்றமும் இல்லை. டாக்டர்கள் நிறுத்திவிட்டார்கள். நேராகச் சொன்னால், அந்த முதல் சோதனை தோல்வி.

இந்த அவசரத்துக்குக் காரணம் அறிவியல் மட்டுமில்லை. டிசம்பரில் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியல் நிபுணர் குழுவில் சேர்ந்திருந்தார். அவர் சுத்தமான சாறு தயாரிப்பதற்கு முன், மனிதருக்குப் போட்ட முதல் மருந்து தன்னுடையதாக இருக்கணும் என்று பேண்டிங் துடித்தார். அதற்கு விலை கொடுத்தது லியோனார்டின் உடம்பு. இன்றைய மருத்துவ ஆய்வு விதிகளில் இப்படி ஒரு சோதனைக்கு நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கவே கொடுத்திருக்காது.

காலிப் என்ன செய்தார்? மருந்தின் வீரியத்தை அளக்க முயல்களைப் பயன்படுத்தினார். ஆல்கஹால் அளவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் தேவையில்லாத புரதங்கள் எல்லாம் கீழே படிந்துவிடும், மருந்து மட்டும் கரைசலில் நிற்கும். இன்னும் கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்தால் மருந்தும் படியும். அந்த நூலிழை எல்லையைப் பிடித்ததுதான் காலிப்பின் சாதனை. அதிக அளவு போட்டால் முயல்கள் இழுப்பு வந்து விழுவதையும் அந்தக் குழு பார்த்தது. லோ சுகர் என்று இப்போது நாம் சொல்கிறோமே, அதுதான். குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்தன.

ஜனவரி 23 அன்று லியோனார்டுக்கு மறுபடியும் ஊசி. இந்த முறை காலிப்பின் மருந்து. ஒரே நாளில் ரத்த சர்க்கரை 520இலிருந்து 120. சிறுநீரில் சர்க்கரை ஏறக்குறைய காணாமலே போனது. பையன் எழுந்து உட்கார்ந்தான், முகம் தெளிந்தது. அதன் பிறகு 13 வருஷம் வாழ்ந்து 1935இல் நிமோனியாவில் இறந்தான்.

ஆய்வகத்துக்குள் கைகலப்பு

சரி, வெற்றி வந்துவிட்டது, எல்லோரும் சந்தோஷமாக இருந்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறோம்? இல்ல. அந்த நாட்களில்தான் பேண்டிங்குக்கும் காலிப்புக்கும் ஆய்வகத்திலேயே சண்டை. சுத்திகரிக்கும் முறையைச் சொல்ல முடியாது என்று காலிப் சொல்ல, பேண்டிங் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். ஜனவரி 25இல் யாரும் தனியாகக் காப்புரிமை வாங்கக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதி ஓரளவுக்கு அடக்கினார்கள்.

அடுத்த சில மாதத்தில் இன்னொரு அடி. பெரிய அளவில் தயாரிக்கப் போனபோது காலிப்பாலேயே தன் மருந்தைத் திரும்பச் செய்ய முடியவில்லை. சமையலில் கைப்பக்குவம் தவறுவது போல. அந்த இடைவெளியில் மருந்து இல்லாமல் நோயாளிகள் தவித்தார்கள். மே மாதம் அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனத்தோடு கைகோர்த்த பிறகுதான், அங்கிருந்த வேதியியலாளர் ஜார்ஜ் வால்டன் கண்ட முறையால் உற்பத்தி நிலைபெற்றது.

அதே மே மாதம், வாஷிங்டனில் நடந்த மருத்துவர்கள் கூட்டத்தில் மெக்லவுட் கண்டுபிடிப்பை உலகத்துக்கு அறிவித்தார். தீவு என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து இன்சுலின் என்ற பெயர். பேண்டிங்கும் பெஸ்ட்டும் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை.

காப்புரிமை விஷயம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 1923இல் பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் அந்தக் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்தில் டாக்டர் லாபம் பார்க்கக் கூடாது என்பது பேண்டிங்கின் நிலைப்பாடு. நூறு வருஷம் கழித்து அதே இன்சுலினின் விலை அமெரிக்காவில் அரசியல் பிரச்சினையாகி, 2023இல் பெரிய நிறுவனங்கள் விலையைக் குறைக்க வேண்டிய நிலை வந்தது.

நோபல் வந்தது, கோபமும் வந்தது

1922 இறுதியில் டென்மார்க்கின் நோபல் விஞ்ஞானி ஆகஸ்ட் க்ரோ டொரன்டோவுக்கு வந்தார். அவர் மனைவி மேரிக்கும் சர்க்கரை நோய். இன்சுலின் தயாரிக்கும் உரிமையோடு திரும்பிப்போனவர், நோபல் பரிசுக்கு பேண்டிங், மெக்லவுட் இருவர் பெயரையும் பரிந்துரைத்தார். 1923இல் அந்த இருவருக்கும்தான் மருத்துவ நோபல். நோய் தீர்க்கும் மருந்து மனிதருக்குப் பயன்பட்டு இரண்டு வருஷம்கூட முடியாத நிலையில் கிடைத்த பரிசு. மருத்துவ நோபல் வாங்கியவர்களில் இன்றுவரை இளையவர் பேண்டிங்தான்.

செய்தி கேட்டதும் அவர் குதித்தது சந்தோஷத்தில் இல்லை. மெக்லவுடோடு பகிர்வதா, பெஸ்ட் எங்கே என்று ஆத்திரம். பரிசே வேண்டாம் என்று கிளம்பியவரைப் பெரியவர்கள் சமாதானப்படுத்தினார்கள். தன் பணத்தில் பாதியை பெஸ்ட்டுக்குத் தருவதாக பேண்டிங் அறிவித்தார். மெக்லவுடும் சளைக்காமல் தன் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார்.

இதில் யார் பக்கம் நியாயம்? பேண்டிங்கின் பிடிவாதம் இல்லாவிட்டால் வேலை தொடங்கியே இருக்காது. மெக்லவுடின் ஒழுங்கும் காலிப்பின் கைத்திறனும் இல்லாவிட்டால் அது லியோனார்டின் சீழ்க்கட்டியோடு முடிந்திருக்கும். மெக்லவுடைப் பல வருஷம் வில்லனாகவே எழுதினார்கள். அவர் 1928இல் ஸ்காட்லாந்துக்கே திரும்பிப்போய்விட்டார்.

அதன் பிறகு?

31, 32 வயதில் உலகப் புகழ். கனடா நாடாளுமன்றம் ஆயுள் முழுக்க வருஷத்துக்கு 7,500 டாலர் உதவித்தொகை கொடுத்தது. 1934இல் சர் பட்டம். முதல் திருமணம் 1932இல் விவாகரத்தில் முடிந்தது, ஒரு மகன். புற்றுநோய்க்கு மருந்து தேடினார், கிடைக்கவில்லை. இன்சுலின் மாதிரி இன்னொன்று அவர் கையில் வரவே இல்லை.

நிம்மதி கிடைத்தது ஓவியத்தில். கனடாவின் பெயர்பெற்ற ஓவியர் ஏ.ஒய். ஜாக்சனோடு பனிக்காடுகளுக்குப் போய் உட்கார்ந்து வரைவார். 1927இல் இருவரும் கப்பலில் ஆர்க்டிக் பகுதிக்கே போனார்கள். அங்கே இன்யூட் மக்களை ரோமத்தோல் வியாபாரிகள் சுரண்டுவதைப் பார்த்துப் பேசியது பத்திரிகையில் வந்து சர்ச்சையும் ஆனது.

இரண்டாம் உலகப்போரில் மறுபடியும் சீருடை. போர் விமானிகளுக்கான மருத்துவ ஆராய்ச்சியை நடத்தினார். நச்சுவாயு காயத்துக்கு மருந்து தேடும்போது தன் காலிலேயே அதைத் தடவிப் புண்ணாக்கிக்கொண்டார்.

1941 பிப்ரவரி. இங்கிலாந்துக்கு ராணுவ ஆராய்ச்சி வேலையாகப் புறப்பட்டவர், வழியில் மான்ட்ரியாலில் காலிப்பைச் சந்தித்தார். ஒரு காலத்தில் சட்டையைப் பிடித்தவர்கள், அதற்குள் நண்பர்களாகி இருந்தார்கள். பிப்ரவரி 20 இரவு நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பிய ஹட்சன் விமானம் எஞ்சின் கோளாறால் பனிக்காட்டில் விழுந்தது. பைலட் மட்டும் பிழைத்தார். பேண்டிங் மறுநாள் இறந்தார். வயது 49.

இன்சுலின் நோயைக் குணப்படுத்தவில்லை, ஆயுளை நீட்டியது. நீண்ட ஆயுளோடு கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்புகளும் வந்தன. அது விதியா, தடுக்கக்கூடியதா என்று தெரிய இன்னும் 70 வருஷம் ஆனது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 டைப் 1 நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 1993இல் முடிவு சொன்னது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. சிறுநீரக, நரம்பு பாதிப்புகளும் கணிசமாகக் குறைந்தன. சுகர் டெஸ்ட்டைத் தவறவிடாதீங்க என்று டாக்டர்கள் திட்டுவதற்குப் பின்னால் இருப்பது இந்த ஆய்வுதான்.

பேண்டிங்கின் நோயாளிகளில் ஒரு சிறுமியும் இருந்தாள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சார்லஸ் ஹியூஸின் மகள் எலிசபெத். 1922 ஆகஸ்டில் டொரன்டோவுக்கு அம்மாவோடு வந்து இறங்கியபோது வயது 15 ஆகப் போகிறது, எடை சுமார் 20 கிலோ. மூன்று வருஷப் பட்டினி. பேண்டிங் ஊசி போட ஆரம்பித்த சில வாரத்தில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டாள். பிறகு கல்லூரி, கல்யாணம், மூன்று குழந்தைகள். தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை வெளியில் யாருக்கும் தெரியாமல் வாழ்நாள் முழுக்க மறைத்தே வைத்திருந்தார். சுமார் 42,000 ஊசிகள் போட்டிருப்பார் என்று கணக்கிடுகிறார்கள். மெக்லவுட் 1935இல், பேண்டிங் 1941இல், காலிப் 1965இல், பெஸ்ட் 1978இல் இறந்தார்கள். எலிசபெத் 1981 வரை இருந்தார்.